கீழ் எங்கடின்: 18 கெமைண்டே 5 ஆனபின் பழைய ஊர், இலக்கம், எல்லை ஆகியவற்றைப் பொருத்துவது எப்படி?

தரவுப்பெட்டி
வணக்கம். சுவிஸின் கிறவுபுண்டன் மாநிலத்தின் கிழக்கு மூலைக்கு, அதாவது எங்கடினா பாஸா/வால் முஷ்டாயிர் பிராந்தியத்துக்கு, தமிழில் ஒரு ஊர்ப்பட்டியல் தயாராகிறது. 2008 பட்டியலில் 18 கெமைண்டே (உள்ளூராட்சி அலகு). இன்றைய பட்டியலில் ஸ்குவோல், செர்னெட்ஸ், வல்சோட், வால் முஷ்டாயிர், சம்னாவுன் என்று ஐந்தே ஐந்து.

இரண்டையும் பொருத்தும்போது சிக்கல். ஸ்குவோலின் சனத்தொகை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. "வல்சோட்" என்று தபால் தேடலில் கொடுத்தால் அந்தப் பெயரில் ஊரே இல்லை. ஃப்டானும் சென்டும் வரைபடத்தில் முன்புபோலவே இருக்கின்றன, ஆனால் கெமைண்டே பட்டியலில் காணோம். எதை எதோடு பொருத்த வேண்டும்? பழைய புள்ளிவிவரத்தைப் புதிய எல்லைக்குள் எப்படிக் கொண்டுவருவது?

---

கூர்வாசி
முதலில் யார் எங்கே சேர்ந்தார்கள் என்பது. மூன்று கட்டமாக நடந்தது.

2009 ஜனவரி 1: ஃபுல்டேரா, லூ, முஷ்டாயிர், சாந்தா மரியா, ச்சியெர்ஃப், வல்ச்சாவா ஆகிய ஆறும் வால் முஷ்டாயிர் ஆகின. 18 இலிருந்து 13.

2013 ஜனவரி 1: ரமோஷும் ட்ச்லினும் சேர்ந்து வல்சோட். 12.

2015 ஜனவரி 1: ஆர்டெட்ஸ், ஃப்டான், குவார்டா, சென்ட், தராஸ்ப் ஆகிய ஐந்தும் ஸ்குவோலுடன். அதே நாளில் லவினும் சுஷும் செர்னெட்ஸுடன். 5.

சம்னாவுன் எதிலும் சேரவில்லை. மற்ற நான்கும் றொமான்ஷ் மொழியின் வல்லாடெர் வழக்கைப் பயன்படுத்தும் ஊர்கள் (வால் முஷ்டாயிரில் பேச்சு ஜாவெர், எழுத்து வல்லாடெர்). சம்னாவுன் மட்டும் ஜெர்மன் பேசும் ஊர், 1892 முதல் சுங்கவரியற்ற வலயமும்கூட. அதற்கு இணைப்பு என்பது மற்றவர்களுக்கு இருப்பதைவிட வேறு கணக்கு.

சனத்தொகை இரு மடங்கானதில் மர்மம் இல்லை. 2014 வரை "ஸ்குவோல்" என்றால் ஒரு ஊரும் அதன் மலைப்புறமும். 2015 முதல் ஆறு பழைய கெமைண்டேகளும் சேர்ந்தது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. பரப்பளவு சுமார் 438 சதுர கி.மீ. அதற்கு முன் நாட்டின் மிகப் பெரிய கெமைண்டே என்ற இடம் சுமார் 430 சதுர கி.மீ. கொண்ட கிளாருஸ் சூட்டிடம் இருந்தது, 2015 இல் ஸ்குவோல் அதை முந்தியது.

---

நிலஅளவை
கூர்வாசி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிஸில் "ஊர்" என்பது ஒரே அடுக்கு இல்லை, குறைந்தது நான்கு. இணைப்பு அவற்றில் ஒன்றைத்தான் தொடுகிறது.

கெமைண்டே என்பது அரசியல் அலகு. சபை, வரி, வரவுசெலவு எல்லாம் அங்கே. மத்திய புள்ளிவிவர அலுவலகம் (பிஎஃப்எஸ்) அதற்கு நான்கு இலக்க எண் கொடுக்கிறது. இணைப்பில் மாறுவது இதுதான்.

ஓர்ட்ஷாஃப்ட் என்பது தபால் இலக்கத்தோடு கூடிய குடியிருப்பு. மத்திய நிலஅளவை அலுவலகமான சுவிஸ்டோப்போ பராமரிக்கும் அதிகாரபூர்வப் பட்டியலில் இருக்கிறது, தனி எல்லைக்கோடும் உண்டு. கெமைண்டே இணைந்ததால் இது தானாக மாறாது. ஆகவே 7551 ஃப்டான், 7554 சென்ட், 7553 தராஸ்ப், 7546 ஆர்டெட்ஸ், 7545 குவார்டா என்ற விலாசங்கள் இன்றும் செல்லும். தராஸ்பின் பழைய எல்லைக்குள் இருக்கும் வுல்பேராவுக்கோ 7552 என்று தனி இலக்கமே உண்டு. அது ஒருபோதும் கெமைண்டேயாக இருந்ததில்லை.

வல்சோட் தபாலில் கிடைக்காததன் காரணமும் இதுவே. அந்தப் பெயரில் ஓர்ட்ஷாஃப்ட் இல்லை. 7556 ரமோஷ், 7557 வ்னா, 7558 ஸ்ட்ராடா, 7559 ட்ச்லின், 7560 மார்ட்டினா என்றுதான் கடிதம் போகும். வால் முஷ்டாயிரும் அப்படியே: 7532 ச்சியெர்ஃப் தொடங்கி 7537 முஷ்டாயிர் வரை, ஆறு ஊருக்கும் ஆறு இலக்கம் வரிசையாக.

மூன்றாவது காணி. நான்காவது கட்டடம். அவற்றைத் தனியாக எழுதுகிறேன், அங்கேதான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

---

பதிவேடு_பேர்ண்
எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "பெயர் மாறாவிட்டால் பிஎஃப்எஸ் எண்ணும் மாறாது" என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பகுதியில் அது பொருந்துகிறது: ஸ்குவோல் 3762 ஆகவே நீடித்தது, செர்னெட்ஸ் 3746 ஆகவே நீடித்தது. புதுப்பெயர் எடுத்தவற்றுக்குப் புது எண்: வால் முஷ்டாயிர் 3847, வல்சோட் 3764.

ஆனால் இதை நாடு முழுவதற்கும் விதியாக எடுக்காதீர்கள். கிளாருஸ் என்ற பெயர் 2011 இணைப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது, எண் மட்டும் 1609 இலிருந்து 1632 ஆனது. பெயரை வைத்து இணைத்தால் பழைய கிளாருஸும் நெட்ஸ்டால், ரீடெர்ன், எனெண்டா சேர்ந்த புதிய கிளாருஸும் ஒன்றாகக் கலந்துவிடும். ஸ்குவோலிலோ எதிர்மாறு: எண் ஒன்றே, எல்லை வேறு. எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் 2014 உம் 2015 உம் கலந்துவிடும். ஆகவே எண்ணும் தேதியும் சேர்ந்ததுதான் திறவுகோல். பிஎஃப்எஸ்ஸின் வரலாற்றுக் கெமைண்டேப் பதிவேட்டில் ஒவ்வொரு நிலைக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். அதையே எடுங்கள்.

எண்ணின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து வட்டம் (கிறைஸ்) கண்டுபிடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பழைய வரிசை அப்படித்தான் இருந்தது: 3741 ஆர்டெட்ஸ், 3742 குவார்டா, 3743 லவின், 3744 சுஷ், 3745 தராஸ்ப், 3746 செர்னெட்ஸ் ஆகியவை சுர் தாஸ்னா வட்டம். 3751 ரமோஷ், 3752 சம்னாவுன், 3753 ட்ச்லின் ஆகியவை ரமோஷ் வட்டம். 3761 ஃப்டான், 3762 ஸ்குவோல், 3763 சென்ட் ஆகியவை சுவோட் தாஸ்னா. இணைப்பு இந்த ஒழுங்கைக் குலைத்தது. ரமோஷ் வட்டத்தின் வல்சோட் 3764 என்று சுவோட் தாஸ்னா வரிசையில் போய் நிற்கிறது. ஆர்டெட்ஸும் குவார்டாவும் தராஸ்பும் ஸ்குவோலோடு சேர்ந்ததால் சுர் தாஸ்னாவிலிருந்து சுவோட் தாஸ்னாவுக்கு மாறின.

---

தரவுப்பெட்டி
மிக்க நன்றி, இதுதான் புரியாமல் இருந்தது. மாவட்டப் பெயரும் இரண்டு விதமாக வருகிறது: சில அட்டவணைகளில் "இன் மாவட்டம்", சிலவற்றில் "எங்கடினா பாஸா/வால் முஷ்டாயிர்". இரண்டும் ஒன்றா?

---

கூர்வாசி
நிலப்பரப்பு ஒன்று, அமைப்பு வேறு. 2015 முடிவு வரை கிறவுபுண்டனில் 11 மாவட்டங்களும் 39 வட்டங்களும் இருந்தன. 2012 செப்டெம்பரில் மாநில வாக்கெடுப்பு அந்த அமைப்பை மாற்றுவதற்கு ஒப்புதல் தந்தது. 2016 ஜனவரி 1 முதல் மாவட்டங்களுக்குப் பதிலாக 11 பிராந்தியங்கள். வட்டங்கள் மாநில நாடாளுமன்றத் தேர்தல் தொகுதிகளாக மட்டும் எஞ்சின.

பிஎஃப்எஸ் மாவட்ட எண்ணும் மாறியது: இன் மாவட்டம் 1825, புதிய பிராந்தியம் 1843. மாவட்ட வாரியாக நீண்டகாலத் தொடர் போடுபவர்கள் 2015/2016 இல் தொடர் அறுந்து போவதைப் பார்ப்பது இதனால்தான். இந்தப் பிராந்தியத்தைப் பொறுத்தவரை 1825 ஐ 1843 உடன் நேரே ஒட்டலாம். 2001 க்கு முந்திய அட்டவணை என்றால் கவனம். அப்போது வால் முஷ்டாயிர் தனி மாவட்டம், இன் மாவட்டத்தில் அது இல்லை.

---

நிலஅளவை
வாக்களித்தபடி காணியும் கட்டடமும்.

ஒவ்வொரு பழைய கெமைண்டேயும் தன் காணிகளுக்கு 1 இலிருந்து எண் போட்டிருக்கும். ஆறு சேர்ந்தால் 145 ஆம் காணி ஆறு இடத்தில் இருக்கக்கூடும். இதற்கு வெவ்வேறு இடங்களில் இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு: பழைய எல்லையைக் காணிப்பதிவின் உட்பிரிவாக அப்படியே வைத்திருப்பது, அல்லது ஒவ்வொரு பழைய ஊருக்கும் ஒரு பெரிய எண்ணைக் கூட்டிப் புதிதாக எண்ணிடுவது. ஆகவே பழைய உறுதியில் "காணி 145" என்று மட்டும் இருந்தால் அது போதாது. எந்தப் பழைய கெமைண்டே என்பதையும் எழுதுங்கள். பிழையே வராத வழி இ-கிறிட் என்ற காணி அடையாள எண்: சிஎச் என்று தொடங்கும், மொத்தம் 14 எழுத்து. நாடு முழுவதும் ஒரு காணிக்கு ஒன்றுதான்.

கட்டடத்துக்கு இ-கிட் எண். கெமைண்டே மாறினாலும் கட்டடம் அதே எண்ணோடு இருக்கும். விலாசங்களைப் பெருந்தொகையாகப் பொருத்துபவர்கள் இதில் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தெருப்பெயரில் அடிக்கடி வரும் சந்தேகம்: இணைந்த கெமைண்டேயில் ஒரே தெருப்பெயர் இரண்டு ஊரில் இருந்தால் ஒன்றை மாற்ற வேண்டுமா? கட்டாயமில்லை. தெருப்பெயர் தனித்ததாக இருக்க வேண்டியது ஓர்ட்ஷாஃப்டுக்குள்தான். ஓர்ட்ஷாஃப்டுகளை இணைத்துத் தபால் இலக்கத்தையும் ஒன்றாக்கினால்தான் முட்டும். தரவுத்தளத்தில் "தெரு + வீட்டெண் + கெமைண்டே" என்று திறவுகோல் வைத்தவர்களுக்கு அங்கே இரட்டைப் பதிவு வரும். கெமைண்டேயை எடுத்துவிட்டு தபால் இலக்கத்தையும் ஊர்ப்பெயரையும் போடுங்கள்.

---

மலைச்சரிவு
புள்ளிவிவரத்தை முன்னோக்கிக் கொண்டுவருவது பற்றி யாரும் சொல்லவில்லை.

ஒரு எல்லைநிலைத் தேதியைத் தெரிவு செய்யுங்கள், உதாரணமாக 2016 ஜனவரி 1. அதற்கு முந்திய எல்லாவற்றையும் அந்த நிலைக்குக் கூட்டுங்கள். ஆட்தொகை, பிறப்பு, இறப்பு, வீட்டுத்தொகை போன்ற எண்ணிக்கைகளை நேராகக் கூட்டலாம். விகிதங்களைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. லூவில் 60 பேரளவு, முஷ்டாயிரில் அதைப்போலப் பல மடங்கு. இரண்டின் சதவீதத்தையும் சமமாக எடுத்துச் சராசரி போட்டால் அந்த எண் எந்த ஊரையும் சொல்லாது. எண்ணிக்கைக்குத் திரும்பிப் போய்க் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும்.

வரிவீதத்தைக் கூட்டவே முடியாது. ஒவ்வொரு பழைய கெமைண்டேக்கும் தனி வீதம் இருந்தது, இணைந்த நாள் முதல் ஒன்றுதான். பழையதைப் பழைய பெயரிலேயே வையுங்கள்.

பின்னோக்கிப் பிரிப்பது நடக்காத காரியம். 2020 இன் ஸ்குவோல் எண்ணை 2010 விகிதப்படி ஆறாகப் பிரித்து "குவார்டா 2020" என்று போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இளையவர்கள் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்குகிறார்களா, 1653 மீட்டரில் இருக்கும் குவார்டா வெறுமையாகிறதா என்பதுதான் அந்தப் பகுதியில் உண்மையான கேள்வி. அந்தக் கணக்கு அதை மறைத்துவிடும். ஊர் மட்டத்து எண் வேண்டுமென்றால் ஹெக்டேர் வலைத் தரவை (ஒரு ஹெக்டேர் கட்டங்களாகப் பிரித்த தரவு) எடுத்துப் பழைய எல்லைக்கோட்டால் வெட்டுங்கள். எல்லைக்கோடுகள் சுவிஸ்டோப்போவில் இலவசம்.

இன்னொன்று: ஆண்டு முடிவுத் தொகை டிசம்பர் 31 க்கு உரியது, இணைப்பு மறுநாள் ஜனவரி 1. எந்த எல்லைநிலைப்படி வெளியிட்டார்கள் என்பது அட்டவணைத் தலைப்பில் இருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

---

எல்லைக்கல்
எண்ணும் இலக்கமும் சரி. ஆனால் இந்த இணைப்புகள் ஊர்களுக்கு நல்லதா என்பதையும் பேச வேண்டும். தராஸ்ப் 1803 வரை ஆஸ்திரியாவுக்கு உரியது, கத்தோலிக்க ஊர். சுற்றியுள்ளவை எல்லாம் புரட்டஸ்தாந்து சீர்திருத்தத் திருச்சபை ஊர்கள். இன் நதியின் வலக்கரையில் அது தனி. குவார்டா 1975 இல் ஊர்மரபைக் காப்பதற்கான வாக்கர் விருது பெற்ற ஊர். இப்படித் தனி முகம் கொண்ட ஊர்களின் தீர்மானம் எல்லாம் ஸ்குவோலில் எடுக்கப்படுவது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

---

கூர்வாசி
உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் எது இணைந்தது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். அரசியல் கெமைண்டே இணைந்தால் திருச்சபைக் கெமைண்டே தானாக இணைவதில்லை. அது தனிச் சட்டம், தனி வாக்கு.

மற்றது, யாரும் மேலிருந்து ஆணையிடவில்லை. நடைமுறை இது: கெமைண்டேச் சபைகள் பேசி, மாநிலத் தலைநகர் கூரில் உள்ள மாநிலக் கெமைண்டே அலுவலகத்தின் துணையோடு நிதிநிலையை ஆராய்வார்கள். பள்ளி எங்கே, அலுவலகம் எங்கே, வரிவீதம் என்ன, மேய்ச்சல் நிலமும் காடும் யாரிடம் என்பதெல்லாம் இணைப்பு ஒப்பந்தத்தில் எழுதப்படும். ஒவ்வொரு கெமைண்டேயும் தனித்தனியாக வாக்களிக்கும். பிறகு மாநில நாடாளுமன்றத்தின் தீர்மானம், புதிய கெமைண்டே யாப்பு, சபைத் தேர்தல், முதல் வரவுசெலவு. பெயரை சுவிஸ்டோப்போ முன்கூட்டியே பரிசீலிக்கும், ஏனென்றால் நாடு முழுவதிலும் அதே பெயர் வேறொரு கெமைண்டேக்கு இருக்கக்கூடாது.

அதிகம் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: "ஒரு ஊர் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன செய்யும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாதது. நொயெஷாத்தல் மாநிலத்தில் 2009 இல் வால்-து-த்ராவேர் 11 இல் 9 ஊரோடு உருவானது. லே வெரியேரும் லா கோத்-ஓ-ஃபேவும் வெளியே நின்றன. 2013 இல் வால்-து-ரூ 16 இல் 15. வெளியே நின்ற வலான்ஜேன் பின்னர் 2021 இல் நொயெஷாத்தல் நகரோடு சேர்ந்தது.

---

பதிவேடு_பேர்ண்
மேலிருந்து வந்த இணைப்பும் உண்டு. வலே மாநிலத்தின் கோம்ஸ் மாவட்டத்தில் ஔசர்பின் மறுத்தும் 2005 இல் எர்னெனோடு சேர்க்கப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய் மாநிலமே வென்றது. கிளாருஸ் மூன்றாவது வகை: 2006 மே மாத லான்ட்ஸ்கெமைண்டேயில் அரசு 25 கெமைண்டேகளை 10 ஆக்கச் சொன்னது, வெளியரங்கில் கூடிய வாக்காளர்கள் 3 ஆக்கினார்கள். 2007 நவம்பரில் மீண்டும் கூடி அதையே உறுதி செய்தார்கள். சின்ன ஊர்க்காரர் எல்லோரும் இணைப்பை எதிர்ப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்ட முடியாது.

---

மலைச்சரிவு
எல்லைக்கல் சொன்ன "தனி முகம்" விஷயத்தில் நான் மொழியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன். 2008 முதல் நடைமுறையில் உள்ள மாநில மொழிச்சட்டப்படி, உள்ளூர் மொழியைப் பேசுவோர் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் கெமைண்டே அந்த மொழிக்கே உரிய ஒருமொழிக் கெமைண்டே. 20 முதல் 40 க்குள் என்றால் பன்மொழிக் கெமைண்டே. அலுவலக மொழியும் பள்ளி மொழியும் இதைப் பொறுத்தே.

இணைந்தபின் சதவீதம் புதிய கெமைண்டே முழுவதற்கும் கணக்கிடப்படும். றொமான்ஷ் வலுவாக உள்ள ஒரு சிற்றூர் ஜெர்மன் பேசும் பெரிய ஊரோடு சேர்ந்தால் மொத்த விகிதம் இறங்கும். ஸ்குவோலில் சேர்ந்த எல்லாமே வல்லாடெர் ஊர்கள், அதனால் அங்கே பிணக்குக் குறைவு. அதே மாநிலத்தின் சுர்செல்வா பகுதியில் 2014 இல் 13 கெமைண்டே சேர்ந்து இலான்ஸ்/கிலியோன் ஆனபோது நிலைமை வேறு. பெயரிலேயே இரு மொழியும் நிற்கிறது. இணைப்பை எதிர்க்க விரும்பினாலும் ஆதரிக்க விரும்பினாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

---

தரவுப்பெட்டி
இன்னும் இரண்டு கேள்வி. குடியுரிமை விண்ணப்பத்தில் "எந்தக் கெமைண்டேயில் எத்தனை ஆண்டு" என்று கேட்பார்களே, இணைந்த ஊரில் ஆண்டுக்கணக்கு புதிதாகத் தொடங்குமா? மற்றது, பழைய ஆவணத்தில் "ஃபெட்டான்", "ரெமுஸ்", "சுஸ்" என்று ஜெர்மன் பெயர்கள் வருகின்றன.

---

பதிவேடு_பேர்ண்
புதிதாகத் தொடங்காது. புதிய கெமைண்டே பழையவற்றின் சட்டபூர்வ வாரிசு. சென்டில் இருந்த ஆண்டுகள் ஸ்குவோலில் இருந்த ஆண்டுகளே. மாநிலத்தில் வசிக்க வேண்டிய காலம் மத்திய சட்டப்படி 2 முதல் 5 ஆண்டுக்குள் மாநிலமே தீர்மானிப்பது, அதை இணைப்பு தொடாது. ஏற்கெனவே சுவிஸ் குடியுரிமை உள்ளவரின் ஹைமாட்ஓர்ட் (கடவுச்சீட்டில் எழுதப்படும் பூர்வீக ஊர்) ஃப்டான் என்றிருந்தால் இப்போது ஸ்குவோல். கையிலுள்ள கடவுச்சீட்டு காலாவதியாகும் வரை செல்லும், ஓடிப்போய் மாற்றத் தேவையில்லை.

ஜெர்மன் பெயர்கள்: ஃபெட்டான் என்பது ஃப்டான், ரெமுஸ் ரமோஷ், சுஸ் சுஷ், ஷ்லைன்ஸ் ட்ச்லின். 1943 வரை இவைதான் அதிகாரபூர்வப் பெயர். ஸ்குவோலும் 1943 வரை ஷுல்ஸ், 1970 வரை இரண்டும் சேர்த்து. பட்டியலில் "முன்னைய பெயர்" என்று ஒரு நிரல் வைத்துத் தேதியோடு எழுதுங்கள். சுவிஸ்டோப்போவின் காலப்பயண வரைபடத்தில் 19 ஆம் நூற்றாண்டு வரை பின்னே போய்ச் சரிபார்க்கலாம்.

---

நிலஅளவை
பட்டியலில் ஊரைச் சேர்க்கும்போது எல்லை மலைமுகட்டோடு போகும் என்று ஊகிக்காதீர்கள். வால் ஃபெங்காவைப் பாருங்கள். நீர்ப்பிரிமுகட்டுக்கு அப்பால், வடக்கே ஓஸ்திரியாவின் பாட்ஸ்னவுன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பகுதி அது. அங்கே 2264 மீட்டரில் ஹைடல்பெர்கர் ஹுட்ட இருக்கிறது. ஜெர்மன் மலையேறுவோர் சங்கத்தின் விடுதி, வண்டிப்பாதை இஷ்கிலிலிருந்து வருகிறது. ஆனால் நிலம் சுவிஸ், பழைய சென்ட் கெமைண்டேக்கு உரியது. நீரோட்டத்தை வைத்து இடத்தைப் பிரிக்கும் கணினி நிரல் எழுதினால் இது ஓஸ்திரியாவில் போய் விழும்.

அதேபோல மாகுன் ஏரிகள். 2000 இல் தேசியப் பூங்காவோடு சேர்ந்தபோது லவினின் நிலம். இன்று எழுதினால் செர்னெட்ஸ். வெரைனா ரயில் நிற்கும் சாக்லியான்ஸ் நிலையமும் 1999 இல் பழைய எல்லைகளுக்குள் தொடங்கியது, இப்போது செர்னெட்ஸ் கெமைண்டேக்குள்.

ஹுட்டவுக்கு உங்கள் பட்டியலில் வரி இப்படி வரட்டும்: இடம் வால் ஃபெங்கா, கெமைண்டே 2014 டிசம்பர் 31 வரை சென்ட், 3763, 2015 ஜனவரி 1 முதல் ஸ்குவோல், 3762, மாவட்டம் 2015 முடிவு வரை இன், 1825, 2016 முதல் எங்கடினா பாஸா/வால் முஷ்டாயிர், 1843, வாகன அணுகல் இஷ்கில் வழி.